மதுரைப் பக்கத்துக் குட்டிக் கூன்வண்டுகள்: புதிய இனத்தைக் கண்டு பெயர் வைப்பது எப்படி?

வீட்டில் நாள்பட்ட அரிசி இருந்தால் ஒரு கைப்பிடி அள்ளிச் சொளகில் போட்டு வெயிலில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கருப்பாகச் சில வண்டுகள் விளிம்பைப் பார்த்து நடக்கத் தொடங்கும். ஒன்றை வெள்ளைத் தாளில் விட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். முகத்திலிருந்து யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நீளும் மூக்கு. வாய் இருப்பது அந்த மூக்கின் நுனியில். மூக்கின் இரு பக்கமும் முழங்கை மடக்கியதுபோல உணர்கொம்புகள். முதுகில் நான்கு செம்மஞ்சள் புள்ளிகள். இது அரிசிக் கூன்வண்டு. 1763இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தது.

தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு, வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு, மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு எல்லாமே இதற்குச் சொந்தக்காரர்கள். இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் இதுவரை 50,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பயிரைத் தின்னும் வண்டுகளை எல்லாருக்கும் தெரியும். களைச்செடியின் மொட்டிலும் காட்டுச் சருகின் அடியிலும் 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் அளவில் வாழ்பவற்றை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பெயர் இல்லாத இனங்கள் அதிகம் இருப்பதும் அந்தக் கூட்டத்தில்தான்.

கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், விவசாயி என்று ஆர்வமுள்ள யாரும் இந்த வேலையில் இறங்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். வண்டு கையில் கிடைத்த அன்று அது புதிதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே பெயர் வாங்கிய நெருங்கிய இனங்கள் அத்தனையோடும் வைத்துப் பார்த்த பிறகே அதைச் சொல்ல முடியும். அதற்கு ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம். ஆகவே மலை மலையாக அலையாமல், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து அதில் வாழும் வண்டை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் செடியில், எந்தப் பாகத்தில், எந்த மாதத்தில் என்ற விவரத்தோடு வரும் பத்து வண்டுகள், ஊர்பேர் தெரியாத ஆயிரம் வண்டுகளைவிட மேல்.

கண்ணைப் பழக்குவது

அரிசி வண்டிலேயே தொடங்குங்கள். உணர்கொம்பின் அடியில் ஒரு நீளத் துண்டு, நடுவில் மணிமணியாகக் கணுக்கள், நுனியில் கதாயுதம்போலக் குண்டாக ஒரு முனை. நடுக்கணுக்களை எண்ணுங்கள். அரிசி வண்டுக்கு 6. வேறு கூன்வண்டுகளுக்கு 7 இருக்கலாம், 5 இருக்கலாம். இந்த எண்ணிக்கை ஒன்றே சில சமயம் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியை, காட்டிக் கொடுத்துவிடும். அடுத்தது பாதம். பார்த்தால் நான்கு துண்டு மாதிரி இருக்கும். மூன்றாவது துண்டின் இரண்டு மடல்களுக்கு நடுவே மிகச் சிறிய நான்காவது துண்டு ஒளிந்திருப்பதால் உண்மையில் ஐந்து. அப்புறம் தொடையில் பல் உண்டா, நகங்கள் தனித்தனியா ஒட்டியா, முதுகுச் சிறகுறையில் குழிவரிசைகள் எத்தனை, செதில் இருந்தால் அது வட்டமா நீளமா என்று ஒவ்வொன்றாகக் குறித்து வாருங்கள். ஆண் வண்டின் மூக்கு குட்டையாகவும் தடிப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். பெண்ணுக்கு நீளமாக, மெலிந்து, வழவழப்பாக இருக்கும். பத்து வண்டுகளை ஆண், பெண் என்று பிரித்துப் பழகினால் கண் நன்றாகத் தெளிந்துவிடும்.

பாசிப்பயறிலும் தட்டாம்பயறிலும் ஓட்டை போடும் பயறு வண்டைக் கூன்வண்டு என்று எண்ணிவிடாதீர்கள். அதற்கு நீண்ட மூக்கு கிடையாது, சிறகுறை குட்டையாக இருந்து பின்பக்கம் வெளியே தெரியும். அது இலைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீமைக்கருவேலக் காய்களிலும் இந்த மாதிரி விதைவண்டுகள் வருவதால் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது சகஜம்.

செடியைத் தேர்ந்தெடுப்பது

என் யோசனை, கண்மாய் உள்வாய். தண்ணீர் வற்றிக்கொண்டே வரும்போது ஈரம் காயாத இடத்தில் நீர்மேல்நெருப்பு என்ற சின்னச் செடி முளைக்கும். நெல் அறுத்த வயலிலும் இருக்கும். உலகின் பல பகுதிகளில் இந்தச் செடியின் குடும்பத்தை நம்பி நானோஃபையினே என்ற கூன்வண்டுக் கூட்டம் வாழ்கிறது. பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். மொட்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புழு வளரும். நம் வீட்டு மருதாணியும் இதே செடிக்குடும்பம். ஆகவே மருதாணிக் காயையும் விட்டுவிடாதீர்கள்.

சோழவந்தான் பக்கம் ஒரு கண்மாய்க்குள் நான் குந்தி உட்கார்ந்து செடியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, மோதிரம் கீதிரம் விழுந்துருச்சா?”

“இல்ல ஆத்தா, இந்தச் செடியில இருக்க வண்டப் பாக்குறேன்.”

“நீர்மேல்நெருப்புலயா? பாத்துத் தொடு. அரைச்சுத் தேச்சா தோலு கொப்புளிச்சுப் போகும். ஆடுகூட வாய் வைக்காது.”

செடியின் பெயரும் குணமும் ஒரே பேச்சில் கிடைத்துவிட்டன. தாவர நூல்களும் இந்தச் செடியைக் கொப்புளம் எழுப்பும் செடி என்றே குறிக்கின்றன. நீங்களும் ஊரில் இருப்பவர்களிடம் செடிப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெயரை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள். பூவோடும் காயோடும் ஒரு கிளையை நாளிதழ்த் தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவையுங்கள். செடியை நாளைக்குத் தாவரவியல் ஆசிரியர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

அதே கண்மாயில் ஆகாயத்தாமரை மிதந்தால் அதன் இலையில் சுரண்டிய தழும்புகளைப் பார்க்கலாம். அவற்றைப் போடும் நியோகெட்டினா கூன்வண்டுகள் தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்துவதற்காகவே 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘நம் ஊர்ப் புது வண்டு’ என்று நினைத்துவிடக் கூடாது.

வளர்த்துப் பழக எருக்கு நல்லது. பச்சைக் காயைப் பிளந்தால் விதைகளுக்கு நடுவே கால் இல்லாத, ‘சி’ மாதிரி வளைந்த வெள்ளைப் புழு இருக்கலாம். பாராமெகாப்ஸ் ஃபாரினோசஸ் என்ற கூன்வண்டின் புழு இப்படித்தான் எருக்கு விதையைத் தின்று வளரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய கேடு. கையுறை போட்டுக்கொண்டு, முகத்துக்கு எட்டத்தில் வைத்து அறுங்கள்.

அனுமதி

சொந்த வயல், நண்பர் தோட்டம் என்றால் உடையவரிடம் சொன்னால் போதும். அழகர்மலை, சிறுமலை போன்ற காப்புக்காடுகளில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு வண்டைக்கூட எடுக்கக் கூடாது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கேயும் அனுமதி வாங்கிய பிறகுதான் சேகரிப்பு. கோயில்காடு என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். அனுமதிக் கடித எண்ணைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டிவரும், பத்திரமாக வையுங்கள். தனியாளாக விண்ணப்பிப்பதைவிடக் கல்லூரித் துறை வழியாக விண்ணப்பிப்பது எளிது.

பிடிப்பதும் வளர்ப்பதும்

வெளிர்நிறக் குடை ஒன்று போதும். தலைகீழாக விரித்துக் கிளைக்குக் கீழே பிடித்து, குச்சியால் மேலே இரண்டு தட்டு. கூன்வண்டுகள் பயந்தால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல விழும். குடையில் கிடப்பதைப் பார்த்தால் விதையா மண்துகளா என்று தெரியாது. உடனே கொட்டிவிடாமல் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். ‘விதை’ எழுந்து நடக்கும். ஈரப்படுத்திய தூரிகை நுனியால் தொட்டு எடுத்துக் குப்பியில் விடுங்கள்.

சருகு வண்டுகளுக்கு வேறு வழி. மரத்தடியில் மக்கின சருகை அள்ளிச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தினால் புனல் தயார். உள்ளே கம்பிவலை, அதன்மேல் தூள், மேலே சின்ன பல்பு, வாய்க்குக் கீழே ஆல்கஹால் குப்பி. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் பயந்து பூச்சிகள் கீழே இறங்கிக் குப்பியில் விழும். வேலை முடிந்த சருகை எடுத்த மரத்தடியிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள். சருகில் வாழும் பல கூன்வண்டுகளுக்குப் பறக்கச் சிறகு கிடையாது. ஒரு மலையில் இருப்பது அடுத்த மலைக்குப் போக வழியில்லாமல், காலப்போக்கில் தனி இனமாகிவிடலாம். சிறுமலையும் அழகர்மலையும் சமவெளி நடுவே தனித்தனியாக நிற்கும் மலைகள் என்பதால் அங்குள்ள சருகு எனக்கு ஒரு பொக்கிஷமாகவே தெரிகிறது.

மூன்றாவது வழி வளர்ப்பு. நான் மிகவும் நம்புவது இதைத்தான். காயை, மொட்டை, தண்டில் இருக்கும் வீக்கத்தைப் பறித்து பிளாஸ்டிக் டப்பாவில் டிஷ்யூ தாள் விரித்துப் போட்டு, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள். தினமும் திறந்து பாருங்கள். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தால் புழு சாகும். வண்டு வெளியே வந்ததும் கொன்றுவிடாதீர்கள். மூன்று நான்கு நாள் விட்டால்தான் உடல் கெட்டிப்பட்டு உண்மையான நிறம் வரும். சில சமயம் வண்டுக்குப் பதிலாகச் சின்னக் குளவி வரும். அதையும் அதே எண் போட்டு வையுங்கள், வண்டின் எதிரி யார் என்பதும் ஒரு செய்திதான்.

மழைக்குப் பிறகு, ஐப்பசி கார்த்திகையில் செடிகள் துளிர்த்துப் பூக்கும்போது வேட்டை நன்றாக இருக்கும். சித்திரை வெயிலில் மரப்பட்டைக்கு அடியிலும் சருகின் கீழடுக்கிலும் தேடுங்கள். தேவையான அளவுக்கு மட்டும் எடுங்கள். இரண்டு பாலும் சேர்த்து இருபது இருந்தால் தாராளம். பாதியை நல்ல அடர்த்தியான எத்தனாலில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மரபணுச் சோதனைக்கு அதுதான் வேண்டும். மீதியை ஃப்ரீசரில் வைத்துக் கொன்று உலர்த்துங்கள். எத்தனாலைக் கல்லூரி ஆய்வகம் வழியாக வாங்குங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் வேறு கலப்புகள் இருப்பதால் அது இதற்கு ஆகாது.

சீட்டு

வண்டோடு போகும் சிறிய சீட்டுத்தான் இந்த வேலையின் உயிர். நான் தொடங்கிய வருடத்தில் நாற்பது குப்பிகளுக்குள் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய சீட்டுகளைப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் ஆல்கஹால் லேசாக நீலமாக இருந்தது, சீட்டுகள் வெள்ளையாக இருந்தன. வண்டுகள் அப்படியே இருந்தன. எந்தக் கண்மாய், எந்தச் செடி என்பது போய்விட்டது. ஒரு மழைக்காலத்து உழைப்பு முழுவதும் ஆராய்ச்சிக்கு உதவாமல் போனது இன்றும் வருத்தமாக இருக்கிறது. பென்சிலால் எழுதுங்கள், அல்லது ஆல்கஹாலில் கரையாத மை. குப்பிக்கு வெளியே ஒட்டுவது மட்டும் போதாது, உள்ளேயும் ஒன்று கிடக்க வேண்டும்.

நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், இடம், ஜி.பி.எஸ். எண்கள் நான்கு தசம இலக்கம் வரை; கடல்மட்ட உயரம்; தேதி; செடியும் அதன் பாகமும்; எப்படிப் பிடித்தது; யார் பிடித்தது. இவ்வளவும் வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் தேதியும் மாதமும் குழம்பாது. உலகத்தில் எவரும் படிக்க வேண்டியிருப்பதால் ஆங்கில எழுத்தில் எழுதி, செடியின் தமிழ்ப் பெயரை நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேசை வேலை

2 மில்லிமீட்டர் வண்டில் ஊசி குத்தினால் வண்டே இருக்காது. கெட்டி அட்டையைச் சிறு முக்கோணமாக வெட்டி, அகலப் பக்கத்தில் பூச்சி ஊசியைக் குத்தி, கூர்நுனியில் தண்ணீரில் கரையும் பசையை ஒரு துளி வைத்து வண்டின் வலப்பக்க மார்பில் ஒட்டுங்கள். மூக்கும் உணர்கொம்பும் அடிவயிறும் பசை படாமல் தெரிய வேண்டும். சீட்டை அதே ஊசியில் கீழே குத்துங்கள்.

இனி, ஆண் வண்டின் பிறப்புறுப்பு. வெளியே ஒன்றுபோல இருக்கும் இனங்கள் இங்கேதான் பிரியும். அரிசிக் கூன்வண்டையும் மக்காச்சோளக் கூன்வண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே இரண்டு தானியத்திலும் வரும், வெளித்தோற்றத்தில் பிரிப்பது கடினம். உள்ளே இருக்கும் ஆணுறுப்பின் மேல்பக்கம் அரிசி வண்டில் வழவழவென்று இருக்கும். மக்காச்சோள வண்டில் நீளவாக்கில் இரண்டு பள்ளக்கோடுகள் ஓடும். இந்த இரண்டின் பெயர்க் குழப்பம் தெளிய 1960கள் வரை ஆனது என்றால் பாருங்கள். ஆகவே முதல் அறுவையை அரிசி வண்டிலேயே செய்து பழகுங்கள். வெந்நீரில் ஊறவைத்து இளக்கி, நுண்ணோக்கியின் கீழ் வயிற்றைப் பிரித்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு விட்டால் சதை கரைந்து கெட்டிப் பாகங்கள் மட்டும் மிஞ்சும். கண்ணாடி அணிந்து, ஆய்வகத்தில், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எடுத்த உறுப்பைக் கிளிசரின் உள்ள மிகச் சிறிய குப்பியில் போட்டு அதே ஊசியில் குத்திவிடுங்கள், வண்டிலிருந்து பிரியவே கூடாது.

ஸ்டீரியோ நுண்ணோக்கி வீட்டில் இல்லையென்றால், மதுரையிலேயே ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் பூச்சியியல் துறை இருக்கிறது. விலங்கியல் நடத்தும் பழைய கல்லூரிகளும் இருக்கின்றன. ஒழுங்காகச் சீட்டுப் போட்ட ஒரு பெட்டி வண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். வெறுங்கையோடு போவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஏற்கெனவே பெயர் இருக்கிறதா?

இந்தப் படியில்தான் அதிக நாள் பிடிக்கும். முதலில் பேரினத்தைக் கண்டுபிடியுங்கள். இந்தியக் கூன்வண்டுகளுக்கு இன்றும் கையில் எடுக்க வேண்டிய நூல், பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் 1916இல் கை மார்ஷல் (Guy Marshall) என்ற பூச்சியியலாளர் எழுதிய முதல் பகுதி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பருத்தி, கத்தரி இலைகளை விளிம்பில் பல்பல்லாகக் கடிக்கும் சாம்பல் நிறக் கூன்வண்டுகளின் மில்லோசெரஸ் பேரினம் அதில் விரிவாக உண்டு. குட்டை மூக்குக் கூட்டங்களோடு அந்தப் பகுதி நின்றுவிடுவதால், நீள மூக்கு வண்டுகளுக்குத் தனித்தனிக் கட்டுரைகளைத்தான் தேட வேண்டும்.

நம் பக்கத்து வண்டுகளின் கதை தரங்கம்பாடிக்கும் போகும். பதினெட்டாம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்கள் அங்கிருந்து அனுப்பிய பூச்சிகளுக்கு டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் லத்தீனில் இரண்டு மூன்று வரி விவரணை எழுதிப் பெயர் வைத்தார். அந்த இரண்டு வரி ஐந்து வண்டுகளுக்குப் பொருந்தும். எது அசல் என்று தெரிய, அவர் கையில் வைத்துப் பார்த்த அந்த வண்டையே பார்க்க வேண்டும். அவர் சேகரிப்பு கோபன்ஹேகனில் இருக்கிறது, மார்ஷல் விவரித்த வண்டுகளில் பெரும்பாலானவை லண்டனில். நேரில் போக வேண்டியதில்லை. காப்பாளருக்கு மரியாதையாக, எந்த வண்டின் எந்தப் பாகம் வேண்டும் என்று தெளிவாக எழுதிப் படம் கேளுங்கள். பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம், டெல்லி பூசா தேசியப் பூச்சிச் சேகரிப்பு, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கொல்கத்தா, சென்னை நிலையங்கள் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

மரபணு உதவும். ஒரு காலை எடுத்தால் போதும், சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து, பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடலாம். ஆனால் ‘பொருத்தம் இல்லை’ என்று வந்தால் புதிய இனம் என்று துள்ள வேண்டாம். பெயர் உள்ள வண்டின் மரபணுவை இதுவரை யாரும் ஏற்றாமல் இருந்தாலும் அதே பதில்தான் வரும். என் கணக்கில், உருவம், ஆணுறுப்பு, செடி, மரபணு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும். அதுவரை நோட்டில் ‘இனம் 1’ என்றே இருக்கட்டும்.

எழுதுவதும் பெயர் வைப்பதும்

விலங்குப் பெயர்களுக்கு உலகம் முழுவதற்கும் ஒரே சட்டம், நான்காம் பதிப்பு 2000இலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி, புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொற்களில் எழுத வேண்டும். ஒரே ஒரு வண்டை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி, என்று குறித்து, அது எந்த நிறுவனத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டும். கூட இருப்பவை பாராடைப். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் பதிவும் கட்டாயம்.

விவரணையில் ‘சிறியது, அழகிய பழுப்பு’ என்று எழுதினால் யாருக்கும் உதவாது. பத்து வண்டுகளையாவது அளந்து, மூக்கைச் சேர்க்காமல் உடல் நீளம் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று எழுதுங்கள். எந்த இனத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகமோ, அதன் பெயரைச் சொல்லி வேறுபாட்டை எழுதுங்கள். படங்களில் மேலே, பக்கவாட்டில், ஆணுறுப்பு மூன்றும் அளவுகோலோடு இருக்க வேண்டும்.

பெயரை லத்தீன் எழுத்தில் வைக்க வேண்டும், ஆனால் சொல் தமிழாக இருக்கலாம். ஊர்ப் பெயரோடு ‘என்சிஸ்’ சேர்ப்பது வழக்கம். ஒரு ஆணைச் சிறப்பித்தால் ‘இ’, பெண்ணை என்றால் ‘ஏ’ என்று முடியும். அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே இருக்கக் கூடாது. தன் பெயரையே வைத்துக்கொள்வது முறையாகாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே அருங்காட்சியகத்தின் அலெக்ஸாண்டர் ரீடல், நியூ கினியின் டிரைகோனாப்டெரஸ் என்ற குட்டிக் கூன்வண்டுகளில் 101 புதிய இனங்களை 2013இல் ஒரே வீச்சில் விவரித்தபோது, பெயர் போதாமல் பப்புவா நியூ கினி தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் எடுத்தார். 2019இல் சுலவேசியிலிருந்து இன்னொரு 103. அவற்றில் சினிமா, சித்திரக்கதைப் பாத்திரங்களான யோடா, ஆஸ்டெரிக்ஸ் பெயர்கள் எல்லாம் உண்டு. எனக்கென்னவோ, வண்டு வாழும் செடியின் பெயரோ ஊரின் பெயரோதான் பிடிக்கிறது. தேடி வருபவருக்கு அது வழி சொல்லும்.

கட்டுரையைச் சூடாக்ஸா, சூகீஸ், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ரெக்கார்ட்ஸ், கோவையிலிருந்து வரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்டு டாக்சா போன்ற ஆய்விதழ்களுக்கு அனுப்பலாம். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். பிழையான பெயரும் சட்டப்படி நிலைத்துவிட்டால், பின்னால் வருபவர்கள் பல வருடம் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, புதிய இனத்தின் மாதிரிகளை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைத்துத் தகவல் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவது என்றால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்து அனுமதி வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். ஹோலோடைப்பைத் தபாலில் போடாதீர்கள். சிவப்புச் சீட்டுக் குத்தி, இரட்டைப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போய் நேரில் கொடுத்து, பதிவெண் வாங்கி வாருங்கள். கட்டுரை வெளிவருவதற்குள் அந்த எண்ணை அச்சுப்படியில் சேர்க்க வேண்டியிருக்கும்.